நாத்திகர்கள் தம்மையே கேட்க வேண்டிய கேள்விகள்

கலிலியோவை என்ன செய்தார்கள் என்று உங்கள் நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். "உயிரோடு கொளுத்தினார்கள்" என்று சிலராவது சொல்வார்கள். மேடைகளிலும் இப்படிப் பேசக் கேட்கிறோம். ஆனால் நடந்தது வேறு. 1633-ஆம் ஆண்டு ரோம் நகரில் நடந்த விசாரணையில் அவருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அது வீட்டுக் காவலாக மாற்றப்பட்டது. புளோரன்ஸுக்கு அருகில், தம் வீட்டிலேயே அடைபட்டுக் கிடந்த அந்தக் காலத்தில்தான் இயக்கத்தைப் பற்றிய தம் தலைசிறந்த நூலை எழுதி முடித்தார். 1642-இல் முதுமையில் இறந்தார். தீயில் கொளுத்தப்பட்டவர் ஜியார்டானோ புரூனோ. அது நடந்தது 1600-இல்.

"எப்படியானாலும் திருச்சபை செய்தது தவறுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். தவறுதான். ஒரு முதியவரை, பூமி சுற்றுகிறது என்று சொன்னதற்காக மண்டியிட வைத்தது சிறிய குற்றமல்ல. ஆனால் ஒரு பக்தர் தம் மகானின் அற்புதத்தைச் சொல்லும்போது ஆளையும் ஆண்டையும் மாற்றிச் சொன்னால் நாம் விடுவோமா? "ஆதாரம் எங்கே?" என்று உடனே கேட்போம். அதே கேள்வியை நம் பக்கத்துக் கதைகளிடமும் கேட்கிறோமா என்பதே இந்தக் கட்டுரையின் பொருள். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களில் இதை எழுதுகிறவனும் ஒருவன். எனவே இது வெளியிலிருந்து வீசும் கல் அல்ல.

இயற்பியல் வரலாற்றிலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சற்று விரிவாகவே பார்ப்போம்.

பெல்ஜியம் நாட்டில் ழார்ழ் லெமெய்த்தர் என்றொரு கத்தோலிக்கப் பாதிரியார் இருந்தார். லூவேன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஐன்ஸ்டீனின் பொதுச் சார்புக் கொள்கையிலிருந்து கணக்கிட்டு, பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்று 1927-இல் ஒரு கட்டுரை எழுதினார். (ரஷ்யக் கணித அறிஞர் பிரீட்மன் 1922-லேயே இத்தகைய தீர்வுகளைக் கண்டிருந்தார், அது லெமெய்த்தருக்குத் தெரியாது.) விரிந்துகொண்டே போவது முற்காலத்தில் குறுகி இருந்திருக்க வேண்டும் அல்லவா? 1931-இல் லெமெய்த்தர் அந்தத் தொடக்க நிலைக்கு 'ஆதி அணு' என்று பெயரிட்டார்.

இதை ஏற்காதவர்களில் முக்கியமானவர் கேம்பிரிட்ஜில் இருந்த பிரெட் ஹாயில். அப்போது அவர் நாத்திகர் என்று அறியப்பட்டவர். 1948-இல் அவரும், பாண்டி, கோல்டு என்ற இரு நண்பர்களும் வேறொரு கொள்கையை முன்வைத்தார்கள். பிரபஞ்சம் விரிகிறது, ஆனால் விரியும் இடைவெளியில் புதிய பொருள் சிறிது சிறிதாகத் தோன்றிக்கொண்டே இருக்கிறது, ஆகையால் அது என்றும் ஒரே தோற்றத்தில் இருக்கும், அதற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. எதிரணியின் கருத்துக்கு 'பெருவெடிப்பு' என்ற பெயரை 1949-இல் பி.பி.சி. வானொலியில் சூட்டியவரும் ஹாயில்தான்.

ஹாயிலிடம் வலுவான காரணங்கள் இருந்தன. அன்றைய அளவீடுகளின்படி விரிவு தொடங்கி ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளே ஆகியிருந்தன. பூமியின் பாறைகளோ கதிரியக்கக் கணக்கில் அதைவிட மூத்தவை. தாயைவிட மகளுக்கு வயது அதிகம்! இதைக் காட்டி ஒரு கொள்கையை மறுப்பது முறையான விஞ்ஞானமே. ஆனால் தொடக்கம் என்ற கருத்தில் பைபிளின் ஆதியாகம வாடை அடிக்கிறது என்பதையும் அவர் ஒளிக்காமல் சொன்னார். கவனிக்க வேண்டிய இடம் இதுதான். முதலாவது காரணம் அளவீடு. இரண்டாவது, வாடை.

1952-இல் தூரக் கணக்கில் இருந்த பிழையை பாடே என்ற வானியலார் கண்டுபிடித்தார். வயதுச் சிக்கல் தளரத் தொடங்கியது. பிறகு அமெரிக்காவில் பென்சியாசும் வில்சனும் ஒரு பெரிய ரேடியோ ஆன்டெனாவில் 1964-இல் விடாத ஓர் இரைச்சலைக் கேட்டார்கள். அதில் கூடு கட்டியிருந்த புறாக்களின் எச்சத்தைக்கூடச் சுத்தம் செய்து பார்த்தும் இரைச்சல் போகவில்லை. வானத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்த அந்தக் கதிர்வீச்சின் வெப்பநிலை தனிச்சுழிக்கு மேல் சுமார் 3 டிகிரி. ஆதிச் சூட்டின் மிச்சம் அது என்று 1965-இல் விளக்கம் வெளியானது. மிகப் பெரும்பாலோர் பெருவெடிப்பை ஏற்றார்கள். ஹாயில் ஏற்கவில்லை. தம் மாணவரான நம் நாட்டு ஜயந்த் நார்லிகர் முதலியோருடன் சேர்ந்து, தம் கொள்கையைத் திருத்தித் திருத்தி, 2001-இல் இறக்கும்வரை வாதாடினார். தனிமங்கள் விண்மீன்களின் உள்ளே சமைக்கப்படுகின்றன என்று நமக்குக் காட்டியவர்களுள் ஒருவர் அவர் என்பதையும் மறக்கக் கூடாது. அவ்வளவு பெரிய மூளைக்கும் இந்தச் சாய்வு இருந்தது.

மறுபுறத்தையும் பாருங்கள். 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ், இந்த விஞ்ஞானம் படைப்புக்குச் சாட்சி சொல்கிறது என்ற பொருள்படப் பேசினார். மகிழ்ந்திருக்க வேண்டியவர் லெமெய்த்தர். அவரோ வருந்தினார். தம் கொள்கை சமயக் கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே நிற்பது என்பது அவர் கருத்து. ஆத்திகரோ நாத்திகரோ யார் வேண்டுமானாலும் அதை ஏற்கலாம், மறுக்கலாம். சமன்பாட்டுக்குள் மதத்தை நுழைய விடாமல் காவல் காத்தவர், அங்கி அணிந்த பாதிரியார்!

ஆகவே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இது: ஒரு கருத்தை நான் மறுப்பது அளவீட்டைப் பார்த்தா, சொன்னவரின் அங்கியைப் பார்த்தா? 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்த மூவரில் அப்துஸ் சலாம் ஆழ்ந்த இஸ்லாமிய நம்பிக்கை உள்ளவர். ஸ்டீவன் வைன்பர்க் வெளிப்படையான நாத்திகர். இருவரும் தனித்தனியே வந்து சேர்ந்தது ஒரே கொள்கையிடம். எது யாருடையது என்று அந்தச் சமன்பாடுகளை வைத்துக்கொண்டு உங்களால் சொல்ல முடியாது.

தனிமனிதரின் சாய்வை மற்றவர்கள் அளந்து திருத்திவிடலாம். அதிகாரத்தின் சாய்வை அவ்வாறு திருத்துவது எளிதல்ல. சோவியத் நாட்டில் நாத்திகம் அரசின் கொள்கையாக இருந்தது. 1937 ஜனவரியில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் 'நீங்கள் கடவுளை நம்புகிறவரா?' என்ற கேள்வியும் இருந்தது. இருபது ஆண்டுப் பிரசாரத்துக்குப் பிறகு, அச்சம் நிறைந்த அந்த நாளிலும், பதில் சொன்ன வயது வந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் 'ஆம்' என்றார்கள். மொத்த மக்கள்தொகையும் எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தது. கணக்கு முழுவதும் செல்லாது என்று அரசு அறிவித்தது. கணக்கெடுப்பின் தலைவர்கள் கைதானார்கள், சிலர் சுடப்பட்டார்கள். 1939-இல் மீண்டும் எடுத்த கணக்கில் மதக் கேள்வியே இல்லை. கலிலியோவை மண்டியிட வைத்தவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு என்று ஒரு நாத்திகர் யோசிக்க வேண்டாமா?

இனி நம் ஊருக்கு வருவோம். தீமிதி உங்களுக்குத் தெரியும். பகுத்தறிவு இயக்கத்தினரும் எந்தச் சாமியையும் கும்பிடாமல் பலமுறை தீமிதித்துக் காட்டியிருக்கிறார்கள். நல்ல சோதனை அது. ஆனால் அதை விளக்கும்போது, "காலில் பச்சிலைச் சாறு தடவிக்கொண்டு ஏமாற்றுகிறார்கள்" என்று சொல்வோரும் உண்டு. பார்த்தார்களா, சோதித்தார்களா என்றால் பதில் இல்லை. பச்சிலையே தேவையில்லை. ரொட்டி சுடும் அடுப்பில் தகரத் தட்டும் ரொட்டியும் ஒரே சூட்டில்தான் இருக்கின்றன. தட்டைத் தொட்டால் கை வெந்துவிடும். ரொட்டியை ஒரு கணம் தொட்டால் ஒன்றும் ஆகாது. கரி வெப்பத்தை மந்தமாகவே கடத்துகிறது. மேலே படியும் சாம்பல் இன்னும் மந்தம். பாதம் தணலில் படிவதோ ஒவ்வோர் அடிக்கும் ஒரு விநாடிக்கும் குறைவு. தயங்கி நின்றாலோ தடுக்கி விழுந்தாலோ பக்தருக்கும் சுடும், நாத்திகருக்கும் சுடும். பக்தர் ஏமாற்றுக்காரர் அல்லர். அவர் உண்மையாகவே நடக்கிறார்.

இந்த விளக்கத்தைக் கேட்டு, மறு ஆண்டு பூக்குழி இறங்குவோர் குறைகிறார்களா? பொதுவாக இல்லை. அவர்களை அறிவிலிகள் என்று நாம் சிரித்துவிட்டு வந்துவிடுகிறோம். பிள்ளையின் காய்ச்சல் நிற்க வேண்டும் என்று நேர்ந்துகொண்ட ஒரு தாய், தணலின் வெப்பக் கடத்தலைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லையே! அவளோடு மஞ்சள் உடுத்தி விரதம் இருக்கப் பத்துப் பெண்கள் இருந்தார்கள். அவள் இறங்கும்போது தெருவே கூடி நின்றது. பிள்ளை கிடந்த நாட்களில் நம் கழகத்திலிருந்தோ மன்றத்திலிருந்தோ அவள் வீட்டுக்கு யாராவது போனோமா? ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னோமா? அவள் நம் கூட்டத்துக்கு வந்தால் எங்கே உட்காருவாள்? அடுத்த கூட்டத்தில் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்: எத்தனை பெண்கள் வந்திருக்கிறார்கள், எந்தெந்தத் தெருக்காரர்கள் வந்திருக்கிறார்கள், பேசுகிறவரின் மனைவி அந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்?