கணினியில் பாட்டு: 24 பிட்டுக்குக் காசு கொடுக்கலாமா?

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் முதலில் கேசட்டும் பிறகு சிடியுமாக வாங்கிச் சேர்த்த வீடுகள் இங்கே ஏராளம். இளையராஜா பாடல்களை அகி மியூசிக் என்ற மலேசிய நிறுவனமே சிடிகளாக வெளியிட்டது. இன்று அந்தப் பாட்டுகளை மடிக்கணினியில் கேட்கிறோம். '24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்' என்று கூடுதல் விலைக்கு வரும் பதிவிறக்கம், அலமாரியில் இருக்கும் சிடியைவிட நன்றாக ஒலிக்குமா? நமது பழைய திரைப்பாடல்களில் பெரும்பாலானவற்றில் அப்படி ஒலிக்காது என்றே சொல்வேன்.

1982-இல் விற்பனைக்கு வந்த சிடி, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாகப் பதிகிறது. மனிதக் காது கேட்பது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை. அதைப்போல் இரு மடங்குக்குச் சற்று அதிகமாக அளந்தால், கேட்கக்கூடிய ஒலி முழுவதையும் திரும்ப எழுப்பிவிடலாம். 16 பிட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது. வீட்டுக் கூடத்துக்கு இது தாராளம். 24 பிட் உண்மையில் தேவைப்படும் இடம் ஒலிப்பதிவுக்கூடம்தான். பல தடங்களைக் கலந்து, ஏற்றி இறக்கும்போது அந்த உபரி இடம் கைகொடுக்கும்.

எம்பி3 கதை வேறு. ஐந்து நிமிடப் பாட்டு சிடியில் சுமார் 53 மெகாபைட். 128 கிலோபிட் எம்பி3 அதை 5 மெகாபைட்டுக்குள் அடக்கிவிடும். காது கவனிக்காது என்று கணித்ததை எறிந்துவிட்டுத்தான் அப்படிச் சுருக்குகிறது. எறிந்தது திரும்ப வராது. 2001-இல் வந்த ஃபிளாக் என்ற கோப்பு வடிவம் எதையும் எறியாமல் ஏறக்குறைய பாதியளவுக்குச் சுருக்கும். எம்பி3-இலிருந்து ஃபிளாக்குக்கு மாறினால் வித்தியாசம் காதில் விழ வாய்ப்பு உண்டு. ஃபிளாக்கிலேயே 16 பிட்டிலிருந்து 24 பிட்டுக்குப் போவதில் அது மிக அரிது.

பதிவானபோது இருந்த தெளிவுக்கு மேல் எந்தக் கோப்பும் போக முடியாது. 1980-இல் 'நிழல்கள்' படத்துக்காக 'மடை திறந்து' பாடல் காந்த நாடாவில் பதிவானது. அந்த மூல நாடாவையே எடுத்து 24 பிட்டில் புதிதாக மாற்றியிருந்தால் காசு கொடுக்கலாம். தேய்ந்த இசைத்தட்டிலிருந்தோ சிடியிலிருந்தோ எடுத்து எண்ணை மட்டும் கூட்டியிருந்தால், கோப்பின் எடைதான் கூடும். அதே பாட்டை நம் ஊர் யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006-இல் 'வல்லவன்' தொகுப்பில் புது வடிவில் தந்தார்கள். அதற்கும் இதே விதிதான்.

வாங்கிய கோப்பை நீங்களே சோதிக்கலாம். ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் அதை இழுத்துப் போட்டால் பாட்டின் அதிர்வெண்கள் வண்ணப் படமாக விரியும். பழைய நாடாப் பதிவில் நிறம் மேலே போகப் போக மெல்ல மங்கும்; அது இயல்பு. 16,000 ஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டியதுபோல் நின்று, அதற்கு மேல் முழுக்கக் கறுப்பாக இருந்தால், அது எம்பி3-யாக இருந்து ஃபிளாக் சட்டை மாட்டிக்கொண்டது என்று சந்தேகப்படலாம்.

கோப்பு நல்லதாக இருந்தும் கணினி கெடுப்பதுண்டு. விண்டோஸ் எல்லா ஒலிகளையும் ஒன்றாகக் கலந்து, பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் வெளியே அனுப்பும். ஃபூபார்2000 என்ற இலவச மென்பொருளில் 'எக்ஸ்குளூசிவ்' என்று குறித்த வெளியீட்டைத் தேர்ந்தெடுத்தால் பாட்டு மாறாமல் போகும். மேக் கணினியில் 'ஆடியோ மிடி செட்டப்' பகுதியில் கோப்பின் கிலோஹெர்ட்ஸ் எண்ணையே வைத்துவிடுங்கள். புளூடூத்தில் கேட்பவர் 24 பிட்டுக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். வழியிலேயே அது மீண்டும் சுருக்கப்படுகிறது.

கையில் கொஞ்சம் ரிங்கிட் இருந்தால் முதலில் நல்ல ஹெட்போனுக்கோ ஸ்பீக்கருக்கோ செலவிடுங்கள். அடுத்தது, யுஎஸ்பியில் செருகும் சிறிய ஒலிமாற்றி. பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலிலோ லோ யாட் பிளாசாவிலோ கேட்டுப் பார்த்து வாங்குங்கள். பரிச்சயமான ஒரு பாட்டைக் கையோடு கொண்டு போவது நல்லது.

பழைய சிடிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புது மடிக்கணினிகளில் தட்டு போடும் இடமே இருப்பதில்லை. வெளியே மாட்டும் கருவி ஒன்றை வாங்கி, எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மென்பொருளில் ஃபிளாக்காக மாற்றி, இரண்டு இடங்களில் சேமியுங்கள். கீறலும் பூஞ்சையும் முந்திக்கொள்வதற்குள் செய்துவிடுங்கள்.