கூரையேறுவோரும் ஏணியின் காலும்

2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையருகே கரை கடந்ததை அங்கத்தினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய புயல் ஓய்ந்ததும், எண்ணூர்க் கழிமுகத்தை அடுத்த முகத்துவாரக்குப்பம் போன்ற கரையோர ஊர்களில் கூரை வேய்வோருக்கு ஓய்வே இராது. அடுத்த மழைக்குள் தகரத்தை மாற்றிவிட வேண்டுமென்று வீட்டார் அவசரப்படுத்துவர். கிடைத்த ஏணியில் தொழிலாளி ஏறுவார். நம் தறிக்கொட்டகைகளிலும் கிடங்குகளிலும் நடப்பதும் இதுவே. ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று விளக்க முற்படுகிறோம்.

வீழ்ந்தவர், 'கால் வழுக்கிவிட்டது' என்பார். பல சமயங்களில் வழுக்குவது அவர் காலன்று, ஏணியின் காலே. ஏணி மிகச் சாய்ந்திருந்தால், ஆள் மேலேறுந்தோறும் அதன் அடி வெளிப்புறம் தள்ளப்படும். மிக நிமிர்ந்திருந்தாலோ பின்புறம் கவிழும். 4 அடி உயரத்துக்கு 1 அடி வீதம் அடியை விலக்கி வைப்பதே பல நாடுகளிலும் கைக்கொள்ளும் அளவு. 12 அடிச் சுவருக்கு 3 அடி. மேல்முனை கூரை விளிம்பைத் தாண்டி 3 அடியேனும் நீண்டிருத்தல் வேண்டும். இறங்குகையில் பற்றிக்கொள்ள அதுவே பிடி.

குப்பத்து மணலில் வேறொரு தொல்லையும் உண்டு. ஏணியின் ஒரு கால் மட்டும் புதைந்து ஏணி பக்கவாட்டில் சரியும். அகலப் பலகையிட்டு, அது நகராதபடி முளையடித்தபின் ஏணியை நிறுத்துவதே முறை. ஒருவர் கீழே நின்று பிடித்துக்கொள்ளலாம். உப்புக்காற்று இரும்புப் படியையும் ஆணியையும் அரித்துவிடும். மர ஏணிக்கு வர்ணம் பூசுவது அழகுதான். ஆனால் வெடிப்பை மறைத்துவிடும்.

ஏணியைக் கடந்தாலும் அபாயம் தீர்வதில்லை. பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு உறுதியாகத் தோன்றும். கால் வைத்ததும் உடையும். குறுக்குச் சட்டங்களின்மேல் பலகை பரப்பியே நடத்தல் வேண்டும்.

10 அடி உயரத்திலிருந்து விழுபவர் ஒரு நொடிக்குள் தரையை அடைகிறார். அப்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர். காலூன்றி விழுந்தால் குதிகால் எலும்பு நொறுங்கும். அதே அதிர்ச்சி மேலேறி இடுப்புக்கருகே முதுகெலும்பையும் முறிக்கக்கூடும். 'குதிகால்தான் வலிக்கிறது' என்று அவர் சொன்னாலும், தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கும் நம் வழக்கம் இங்கே கேடாய் முடியலாம். கிடந்தபடியே அசையாமல் வைத்து 108க்குத் தெரிவிக்க வேண்டும். வேறு வழியில்லையேல், பலர் சேர்ந்து தலையும் உடலும் திருகாமல் கதவுப்பலகையில் ஏற்றலாம்.

1994இல் தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் நிறுவப்பட்டது. 18 வயது நிரம்பி 60க்கு உட்பட்டவர்கள் அதில் பதியலாம். பதிவு செய்தவருக்கு விபத்து உதவி உண்டு. கூரை வேலைக்கு அழைக்கும் அங்கத்தினர், கூலி பேசும்போதே அவரிடம் வாரிய அட்டை இருக்கிறதா என்று கேட்டறிவார்களாக.