நாரை சுமக்கும் மணிச்சத்து

செங்கல்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டரிடம் முறையிட்டுப் பாதுகாப்பு வாங்கினார்கள். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அந்த உரிமையை எழுத்தில் கொடுத்தார். பறவைப் பாசம் இருந்திருக்கும். ஆனால் கூடவே ஒரு விவசாயக் கணக்கும் இருந்தது. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் செழிக்கும்.

அந்தக் கணக்கு எப்படிச் சரியாகிறது? நத்தைகுத்தி நாரையைப் பாருங்கள். சுற்றுவட்டார வயல்களிலும் குட்டைகளிலும் நத்தை பொறுக்கித் தின்றுவிட்டு, ஏரி நடுவே நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டியிருக்கும் குஞ்சுகளிடம் திரும்புகிறது. எச்சம் நேராகத் தண்ணீரில் விழுகிறது. அதில் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு நைட்ரஜன், அதாவது தழைச்சத்து. பாக்டீரியாக்கள் அதை முதலில் அம்மோனியாவாகவும், பிறகு நைட்ரைட், நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மதகு திறந்தால் அது வயலுக்குப் போகிறது. நெல் எடுத்துக்கொள்கிறது. வயல்நீரில் பாசி வளர, பாசியை நத்தை மேய, நத்தையை நாரை கொத்துகிறது.

தழைச்சத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். சேற்றுக்குள் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை மீண்டும் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். வேறு சில, அவரைக் குடும்பச் செடிகளின் வேர்முடிச்சில் இருந்துகொண்டு அதைப் பிடித்துத் தரும். நீலப்பச்சைப் பாசியும் அதையே செய்யும். மின்னலும் கொஞ்சம் தரும்.

பாஸ்பரஸ், அதாவது மணிச்சத்து, அப்படியல்ல. அது வாயுவாகி மழையோடு திரும்புவதில்லை. பாறை கரைந்து மண்ணுக்கு வரும், மண் அரித்து ஆற்றுக்குப் போகும், ஆறு கடலில் சேர்க்கும். கடலடியில் படிந்தது மறுபடி நிலமாக எழும்பக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். சரிவில் இறங்கிக்கொண்டே போகும் இந்தச் சத்தை உடனடியாக எதிர்த்திசையில் தூக்கிவரக் கூடியவை பெரும்பாலும் கால்களும் சிறகுகளும்தான். நாரை செய்வது அந்த வேலை.

ஏரியில் விழுந்த மணிச்சத்தும் உடனே பயிருக்குக் கிடைத்துவிடாது. சேற்றிலுள்ள இரும்பும் சுண்ணாம்பும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீர் தேங்கி ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு வேதிமாற்றம் அடைந்து பிடியை விடுகிறது. நீர் நிற்கும் நெல்வயலிலும் இதே சங்கதிதான் நடக்கிறது. மானாவாரிப் பயிருக்கு எட்டாத மணிச்சத்து நெல்லுக்கு எட்டுவதற்கு இது ஒரு காரணம். அளவு மீறினால் வேறு கதை: ஏரியில் பாசி மண்டும், அது அழுகும்போது மீன் மூச்சுத்திணறும்.

ஆனாலும் இந்த வட்டத்தில் ஓட்டை உண்டு. அறுவடையான நெல் மூட்டையாகி நகரத்துக்குப் போகிறது. அங்கே சோறாகி உண்ணப்பட்டு, அதிலிருந்த மணிச்சத்தில் பெரும்பங்கு சாக்கடை வழியே இறங்குகிறது. அதைத் திருப்பிக் கொண்டுவரும் நாரை இல்லை. அந்த இடத்தை நிரப்பத்தான் மொராக்கோ, ஜோர்டான் போன்ற நாடுகளில் வெட்டியெடுத்த பாஸ்பேட் பாறையைக் கப்பலில் இறக்குமதி செய்கிறோம்.