கிண்ணத்தில் ஒரு பிடி சீனி

எங்கள் லயத்தில் ஒரு வீட்டிலிருந்து போன கிண்ணம் வெறுங்கிண்ணமாகத் திரும்பாது. பேராவின் கோப்பெங்கை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில், 1970களில், எனக்கு ஏழெட்டு வயது. அம்மா விடியுமுன்னே பெரட்டுக்குப் போய், நிரை முடித்து, பால் தூக்கி நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்துதான் அடுப்பைப் பற்றவைப்பார். குழம்பு இறங்கியதும் முதல் கரண்டி எங்கள் தட்டில் விழாது. பூப்போட்ட பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து என் கையில் கொடுப்பார். “மூனாவது வீட்டு அத்தைக்கு ரெண்டு நாளா காய்ச்சலாம். குடுத்துட்டு வா. சிந்தாம போ.”

கிண்ணம் சுடும். சட்டை நுனியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அஞ்சடியோரமாக நடப்பேன். அத்தை குழம்பை வேறு சட்டிக்கு மாற்றி, கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, டின்னைத் திறந்து ஒரு பிடி சீனி போட்டுத் தருவார். சீனி தீர்ந்த வீட்டில் நாலு பச்சை மிளகாய் வரும், இல்லாவிட்டால் ஓர் ஈர்க்குக் கறிவேப்பிலை. ஒருநாள் ஒரு வீட்டில் எதுவுமே இல்லை. அந்தப் பாட்டி சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு வாசலுக்கு வந்து செம்பருத்தி ஒன்றைப் பறித்துக் கிண்ணத்துக்குள் வைத்தார். அம்மா அந்தப் பூவை வாங்கிச் சாமி படத்தில் செருகினார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை அந்த வீட்டுக்கு அரிசி போனது. அதையும் நான்தான் கொண்டு போனேன்.

அந்தப் பூவுக்கும் அந்த அரிசிக்கும் நடுவே இருந்த கணக்கு எனக்குப் புரிய ஒரு நாளாயிற்று. பாட்டி வீட்டில் சீனி இல்லை என்றால் வேறெதுவும் இல்லை என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்தவர் கஷ்டத்தை அவர் வாய்விட்டுச் சொல்லுமுன் அறிந்துகொள்வதை எனக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. கிண்ணம் தூக்கி நடந்ததில் வந்தது அது.

எங்கள் ஊரின் கதையிலும் இந்தப் பேணல் உண்டு. கோப்பெங் ஈய ஊர். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயம் சீனத் தொழிலாளர்களை இழுத்து வந்தது. ரப்பர் நம்மவர்களைக் கொண்டு வந்தது. இன்று பல நாடுகளில் கடை பரப்பியிருக்கும் ‘யூ யான் சாங்’ மருந்துக் கடை 1879இல் இந்தச் சின்ன ஊரில்தான் தொடங்கியது. ஈயச் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் வலிக்கும் நோய்க்கும் அபினை நம்பிக் கிடந்ததைப் பார்த்த யூ கோங், மூலிகை மருந்து கொடுக்க ஆரம்பித்தார். யான் சாங் என்றால் மனிதரைப் பேணுதல் என்று பொருள். இங்கிருந்து பத்து காஜா போகும் சாலையில் நிற்கிறது கெல்லி கோட்டை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற தோட்டத் துரை அந்த மாளிகையைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஸ்பானியக் காய்ச்சல் பரவி, வேலையாட்கள் மடிந்தார்கள். தமிழ்த் தொழிலாளர்கள் துரையிடம் கேட்டது மாரியம்மனுக்கு ஒரு கோயில். அதுவும் எழும்பியது. 1926இல் லிஸ்பனில் அவர் இறந்துபோக, மாளிகை அரைகுறையாக நின்றது. கோயிலில் இன்றும் விளக்கு எரிகிறது. கோயில் கூரையில் மற்றச் சிற்பங்களோடு துரையின் உருவத்தையும் வைத்திருக்கிறார்கள். சம்பளம் கொடுத்தவரைச் சாமிக்குப் பக்கத்தில் ஏற்றி வைத்த அந்த மனிதர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நெகிழும்.

தோட்டத்துத் திருவிழா வந்தால் வரி வசூலுக்கு நோட்டோடு பெரியவர்கள் வீடு வீடாகப் போவார்கள். விளக்குப் பிடிக்க, பெயர் படிக்க ஒரு பையன் வேண்டும். பள்ளியில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவனுக்கு அந்த உத்தியோகம். எந்த வீட்டில் எவ்வளவு கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை வெளியே சொல்லக்கூடாது என்பதும் முதல் நாளே சொல்லப்பட்டது. “குடுத்தத பேசுனா குடுத்தது போச்சு” என்பார் எங்கள் தாத்தா. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து சோறு போகும். அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வந்து விளையாட வைப்பது எங்கள் பொறுப்பு. அழுதால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. கூட உட்கார்ந்திருப்போம்.

இப்படிக் கைகோப்பது இன்னும் பெரிய அளவிலும் நடந்தது. 1950களின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட, தொழிலாளர்கள் வீடும் வேலையும் போய்த் தெருவுக்கு வந்தார்கள். இதே பேராவின் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். பால் வெட்டிய கை சிறுகச் சிறுகப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கியது. சங்கத்துக்குப் பணம் கட்டும் நாள் என்று அப்பா சம்பளத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். முகம் தெரியாத ஆட்களோடு சேர்ந்து ஒரு காரியத்துக்குப் பணம் போடலாம் என்று அன்று எனக்குத் தெரிந்தது.

இப்படி எழுதும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அந்தக் காலத்தைத் தங்கமாகக் காட்ட எனக்கு மனமில்லை. பகிர்ந்து உண்டோம் என்பதில் பாதி, பகிராவிட்டால் யாருக்கும் பத்தாது என்பதால். என் அக்கா மூன்றாம் வகுப்போடு நின்றாள், தம்பியைப் பார்த்துக்கொள்ள. இடுப்பில் அவனைச் சுமந்தபடியே வீடு பெருக்குவாள், அரிசி களைவாள். அவளுடைய பொறுமையை ஊரே மெச்சியது. அதற்கு அவள் கொடுத்த விலையை யாரும் கணக்கெடுக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. எங்கள் வீடுகளில் மனசைப் பற்றிய பேச்சே கிடையாது. பயம் என்றால் திட்டு விழும். அழுதால், “ஆம்பளப் புள்ள அழுவாதடா” என்று தலையில் ஒரு தட்டு. அடுத்தவர் துக்கத்தை அறியப் பழகினோம். எங்கள் துக்கத்துக்குப் பெயர் வைக்கப் பழகவில்லை. கள்ளுக்கடையில் போய் முடிந்த பல பேரை நினைக்கும்போது எனக்கு அந்தத் தலைத்தட்டுதான் ஞாபகம் வருகிறது.

அக்கா சுமந்த பாரத்தில் ஒரு மெய்யும் இருந்தது. பியாட்ரிஸ் வைட்டிங், ஜான் வைட்டிங் என்ற அமெரிக்கத் தம்பதியர் கென்யா, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், ஒக்கினாவா, வட இந்தியா, அமெரிக்கா ஆகிய ஆறு இடங்களின் பிள்ளைகளை ஒப்பிட்டு 1975இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். வீட்டுக்கு உண்மையிலேயே தேவைப்படும் வேலையைச் செய்த பிள்ளைகள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்ட பிள்ளைகள், பிறருக்கு உதவுவதில் முன்னே நின்றார்கள். கென்ய, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் பிள்ளைகள் அந்தப் பக்கம். அமெரிக்கப் பிள்ளைகளோடு வட இந்தியக் கிராமத்துப் பிள்ளைகளும் மறுபக்கம். ஆக, ஆசிய ரத்தம், நம் பண்பாடு என்றெல்லாம் நாம் மார்தட்ட இடமில்லை. பிள்ளையின் கையில் என்ன வேலை இருக்கிறது என்பதுதான் கேள்வி.

1985இல் ஈய விலை சரிந்தது. கோப்பெங்கின் சுரங்கங்கள் அடங்கின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். லயங்கள் இடிந்தன. நாங்கள் தாமான் குடியிருப்புகளுக்கும் ஈப்போ அடுக்குமாடிகளுக்கும் சிதறினோம். இப்போது கோப்பெங்கிற்கு வாரக் கடைசியில் வெளியூர்க் கார்கள் வருகின்றன: கம்பார் ஆற்றில் ரப்பர்ப் படகு விட, குவா தெம்புரோங் குகை பார்க்க. நல்லதுதான், ஊருக்கு உயிர் வந்திருக்கிறது.

என் பேத்தி வளர்வது இரும்பு கேட் போட்ட வரிசை வீட்டில். ரிமோட்டை அழுத்தினால் கேட் திறக்கும், கார் உள்ளே போகும், மூடும். பக்கத்து வீட்டு நாயின் பெயர் அவளுக்குத் தெரியும். ஆளின் பெயர் தெரியாது. அவளுடைய அப்பா, என் மகன், நான் அவன் வயதில் கொடுத்ததைவிட எத்தனையோ மடங்கு கொடுக்கிறான். தமிழ்ப்பள்ளிக் கட்டட நிதி, சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் பணம் கேட்டு வந்த புலனச் செய்தி, கோயில் அன்னதானம், எதற்கும் இல்லை என்று சொல்ல மாட்டான். ஆனால் அவன் கொடுப்பது எப்படி? சோபாவில் உட்கார்ந்து கைப்பேசியில் கட்டை விரலால் இரண்டு அழுத்து. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அப்பா கைப்பேசி நோண்டுகிறார் என்று மட்டும்தான் தெரியும். எனக்கு உள்ள ஒரே வருத்தம் இதுதான். தர்மம் குறையவில்லை. பிள்ளையின் கண்ணுக்கு மறைந்துவிட்டது.

இன்னொரு மாற்றம், வீட்டு வேலைக்குக் கூலி. தட்டைக் கழுவினால் ஒரு நட்சத்திர ஒட்டி, பத்து நட்சத்திரம் சேர்ந்தால் ஐந்து வெள்ளி. நல்லெண்ணத்தில் செய்கிறார்கள். பெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் தொமசெல்லோ என்ற ஆய்வாளர்கள் 2008இல் இருபது மாதக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். கைக்கு எட்டாத பொருளை எடுத்துக் கொடுத்த குழந்தைகளில் சிலருக்குப் பரிசு, சிலருக்கு வெறும் பாராட்டு, சிலருக்கு எதுவுமில்லை. பிறகு பார்த்தால் பரிசு வாங்கிப் பழகியவர்கள்தான் உதவுவதைக் குறைத்துக்கொண்டவர்கள். 2012இல் கனடாவில் லாரா அக்னினும் உடன் ஆய்வாளர்களும் இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகளின் முகத்தைக் கவனித்தார்கள். தின்பண்டம் தங்களுக்குக் கிடைத்தபோது இருந்ததைவிட ஒரு பொம்மைக் குரங்குக்குக் கொடுக்கும்போது முகம் அதிகம் மலர்ந்தது. தன் பங்கிலிருந்தே எடுத்துக் கொடுத்தபோது இன்னும் அதிகம். கொடுக்கும் இன்பம் குழந்தைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. நட்சத்திர ஒட்டியை வைத்து அதன்மேல் விலைச்சீட்டை ஒட்டுவது நாம்.

இன்றைய பெற்றோரிடம் எங்கள் பெற்றோரிடம் இல்லாத ஒன்று இருப்பதையும் சொல்லியாக வேண்டும். என் மருமகள் பிள்ளை கத்தினால் கை ஓங்குவதில்லை. தரையில் உட்கார்ந்து, கண்ணுக்கு நேரே பார்த்து, “கோபமா இருக்கா, இல்ல பயமா இருக்கா?” என்று கேட்கிறார். முதலில் எனக்கு விசித்திரமாக இருந்தது. ஒருநாள் பேத்தி என்னிடம் வந்து, “தாத்தா, நீங்க பேசவே இல்ல. மனசு சரியில்லையா?” என்றாள். அது அக்காவின் நினைவு நாள். அறுபது வயதுக்கு மேல் அப்படி ஒரு கேள்வியை முதன்முதலாக என்னிடம் கேட்டவள் அவள்தான். அன்று நான் அக்காவின் கதையை முழுவதும் சொன்னேன். அழுதேன். யாரும் தலையில் தட்டவில்லை.

2021 நடுவில், கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டில் நாடே முடங்கியிருந்தபோது, சாப்பாட்டுக்கு வழியில்லாத வீடுகள் வாசலில் வெள்ளைக் கொடி கட்டட்டும், பார்ப்பவர்கள் உதவட்டும் என்ற இயக்கம் மலேசியா முழுக்கப் பரவியது. எங்கள் தாமானின் பின்வரிசையில் ஒரு ஜன்னலில் வெள்ளைத் தலையணை உறை தொங்கியது. என்ன துணி என்று பேத்தி கேட்டாள். மகன் விளக்கினான். அரிசி, எண்ணெய், சார்டின் டின் எல்லாம் பையில் போட்ட பிறகு, அவள் அறைக்குள் போய்த் தன் பிஸ்கட் டப்பாவைக் கொண்டு வந்து பையின் மேலே வைத்தாள். “அங்க பாப்பா இருந்தா?” முகக்கவசத்தோடு இருவரும் போய்க் கேட்டில் மாட்டிவிட்டு வந்தார்கள். சில மாதம் கழித்து அந்த வீட்டு மலாய் மக்சிக் பெருநாளுக்கு ஒரு கிண்ணம் நிறையக் குவே கொண்டு வந்தார். குவே தீர்ந்ததும் நான் எதுவும் சொல்லுமுன் பேத்தி கேட்டாள், “தாத்தா, சும்மாவா திருப்பிக் குடுக்குறது?” என் கிண்ணக் கதைகள் அவள் காதில் ஏறியிருக்கின்றன. அன்று அவள் போட்டது சீனி இல்லை, தானே பிழிந்த முறுக்கு நாலு. இரண்டு கருகியிருந்தன. நான் மாற்றச் சொல்லவில்லை.

வழி இன்னும் இருக்கிறது என்பதற்கு ஈப்போ தைப்பூசம் போதும். புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து கல்லுமலை வரை காவடிகள் போகும் பாதையில் குடும்பங்கள் தண்ணீர்ப் பந்தல் போடுகின்றன. பெரியவர்கள் மோர் கலக்க, பிள்ளைகள் கோப்பையை நீட்டுகிறார்கள். வெயிலில் வருகிறவர் யார் எவர் என்று பார்ப்பதில்லை. மூன்று மணி நேரம் நின்று, கை வலித்து, ஆறு வயதுப் பையன் ஒருவன் தன் தாயிடம் சொன்னது என் காதில் விழுந்தது: “அந்தப் பாட்டி ரெண்டு கோப்ப குடிச்சாங்கம்மா. ரொம்பத் தாகம் போல.” செம்பருத்தி வைத்த எங்கள் பாட்டியை அப்போது நினைத்துக்கொண்டேன்.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். அடுத்த முறை இணையத்தில் பணம் அனுப்பும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, யாருக்கு, எதற்கு என்று சொல்லிவிட்டு அனுப்புங்கள். பொம்மை கொடுப்பதென்றால் உடைந்ததைப் பொறுக்காமல், எதைக் கொடுப்பது என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். வரும் தீபாவளிக்குப் பலகாரத் தட்டைக் காரில் வைத்து நீங்களே கொண்டு போய்க் கொடுக்காதீர்கள். அக்கம்பக்கத்துச் சீனர் வீட்டுக்கும் மலாய்க்காரர் வீட்டுக்கும் பிள்ளையின் இரண்டு கையிலும் தட்டைக் கொடுத்து நடத்திக் கூட்டிப் போங்கள். கேட் வரைக்கும் கூடப் போங்கள். மணியைப் பிள்ளை அடிக்கட்டும்.