பதினான்கு நாய்களில் தொடங்கிய வம்சம்

பிரிக்பீல்ட்ஸ், பங்சார், கிள்ளான் என்று எந்தக் குடியிருப்பிலும் மாலை வேளையில் சிறிது நேரம் நின்று பாருங்கள். முகமெல்லாம் முடியும், தலையில் ரிப்பன் கட்டிய கொண்டையும், முதுகின் மேல் வளைந்து கிடக்கும் வாலுமாக ஒரு குட்டை நாய் கண்ணில் படும். அதுதான் ஷிட்சு. சீனத்தில் சிங்கம் என்று பொருள். பெயர்தான் சிங்கம், வீட்டுக்குக் காவல் இருக்காது, வேட்டைக்கும் போகாது. மனிதரின் பக்கத்தில் இருப்பது ஒன்றே அதன் வேலை. எஃப்.சி.ஐ. எனப்படும் பன்னாட்டு நாயினக் கூட்டமைப்பு நாய்களை 10 பிரிவாகப் பிரித்திருக்கிறது. அதில் ஒன்பதாவது, துணை நாய்களின் பிரிவு. பக், பூடில், சிவாவா, மால்டீஸ் ஆகியவற்றோடு ஷிட்சுவும் அங்கேதான் இருக்கிறது.

இன்று உலகெங்கும் உள்ள ஷிட்சுக்கள் அனைத்தும் 14 நாய்களின் வழிவந்தவை என்று இனச் சங்கங்கள் கணக்குச் சொல்கின்றன. 7 ஆண், 7 பெண், அவ்வளவுதான். அந்த வம்சம் இன்றுவரை நீடிக்கக் காரணம், வீட்டோடு நாய் வளர்த்து, கண்காட்சி கண்காட்சியாக அலைந்த ஒரு சிலரின் பிடிவாதம்.

பீக்கிங்கிலிருந்து வந்தவர்கள்

சீன அரண்மனையில் சிறு நாய்களை வளர்ப்பதில் பேரரசி சிக்ஸிக்குப் பெரிய ஆர்வம் உண்டு. 1908ல் அவர் இறந்தபின் அரண்மனை நாய்கள் மெல்ல மெல்லச் சிதறிப்போயின. அப்போது பீக்கிங்கில் இருந்த வெளிநாட்டார் சிலர் கைக்கு ஒன்றிரண்டு வந்து சேர்ந்தன. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி சர் டக்ளஸ் பிரவுன்ரிக்கும் அவருடைய மனைவியும் 1930ல் ஊர் திரும்பியபோது ஹிபு, ஷூ-சா என்ற இரண்டு நாய்களைக் கூட்டிச் சென்றார்கள். 1932ல் டென்மார்க் தூதர் கவுஃப்மனின் குடும்பம் நார்வேக்கு மூன்று நாய்களைக் கொண்டுபோனது.

இங்கிலாந்தில் இவற்றை எந்த இனம் என்று சொல்வதென்றே முதலில் யாருக்கும் தெரியவில்லை. திபெத்திலிருந்து வந்த லாசா ஆப்ஸோவும் இதுவும் ஒன்று என்று நினைத்தார்கள். 1933ல் செல்ட்டன்ஹாமில் நடந்த கண்காட்சியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திய பிறகுதான் வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. ஆப்ஸோவுக்கு மூக்கு நீளம், கால் உயரம். சீனத்திலிருந்து வந்ததற்கு முகம் அகலம், கால் குட்டை. மறு ஆண்டே ஷிட்சு தனி இனம் என்று முடிவாகி, அதற்கென்று ஒரு சங்கமும் உருவானது.

திருமதி பிரவுன்ரிக் 'தாய்ஷான்' என்ற பெயரில் குட்டிகளைப் பெருக்கினார். இடையில் உலகப்போர் வந்தது. கண்காட்சிகள் நின்றன. மனிதருக்கே ரேஷன் என்ற காலத்தில் நாய்க்கு எங்கே போவது? பலர் வளர்ப்பையே விட்டுவிட்டார்கள். போர் முடிந்து 1949ல்தான் பிரிட்டனில் முதல் ஷிட்சு சாம்பியன் பட்டம் பெற்றது. பெயர் தா சி. பிரவுன்ரிக் வீட்டு நாய். முதல் ஜோடி கப்பலேறியதிலிருந்து கணக்குப் பார்த்தால் 19 ஆண்டுகள்!

மேசை மேல் ஒரு தேர்வு

நாய்க் கண்காட்சி என்றால் அழகுப் போட்டி என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். நாய்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு மட்டும் நடுவர் பரிசு கொடுப்பதில்லை. ஒவ்வோர் இனத்துக்கும் எழுதி வைத்த இலக்கணம் ஒன்று உண்டு. ஷிட்சு 27 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது, எடை 4.5 கிலோவிலிருந்து 8.1 கிலோவுக்குள் இருக்க வேண்டும். மூக்கின் மேல் முடி செவ்வந்திப் பூ விரிந்ததுபோல மேல்நோக்கி வளர வேண்டும். அந்த இலக்கணத்துக்கு எது நெருங்கி வருகிறது என்பதே கேள்வி.

சிறு நாய்களை மேசை மேல் ஏற்றுவார்கள். நடுவர் பல்வரிசையைப் பார்ப்பார். தரையைத் தொடும் முடிக்குள் கையை விட்டு முதுகெலும்பு, தோள், பின்னங்கால் முட்டி எல்லாவற்றையும் தடவிப் பார்ப்பார். பிறகு நடக்கவிட்டுப் பார்ப்பார். முடி எலும்பின் குறையை மறைக்கும். நடை காட்டிக் கொடுத்துவிடும். சில நிமிடம்தான். ஆனால் அந்த முடி தரையைத் தொட ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகும். அதுவரை குளிப்பாட்டி, உலர்த்தி, சிக்கெடுத்து, பகுதி பகுதியாகத் தாளில் சுற்றி முடிந்து வைக்க வேண்டும். ஒரு வாரம் சோம்பினால் சடைதான்.

1952ல் ஒரு துணிச்சல்

வெளியிலிருந்து புது ரத்தம் வராத சிறு வம்சத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. உறவுக்குள்ளேயே இணை சேரச் சேர, குறைகளும் கூடவே இறுகிப் போகும். இதைக் கண்டு, 1952ல் ஃப்ரீடா எவன்ஸ் என்ற வளர்ப்பாளர் ஒரு பெண் ஷிட்சுவைப் பெக்கினீஸ் ஆண் நாயோடு இணை சேர்த்தார். ஷிட்சு வட்டாரமே கொதித்தது. தூய இனத்தைக் கெடுத்துவிட்டார் என்று ஏசினார்கள்.

எவன்ஸ் அதை மறைக்கவில்லை. அந்தக் குட்டிகள் கென்னல் கிளப் பதிவேட்டில் கலப்பு என்றே ஏறின. பின்னர் தலைமுறை தலைமுறையாக ஷிட்சுவோடு மட்டும் சேர்த்து, நான்காம் தலைமுறையில்தான் தூய இனமாக ஏற்றுக்கொள்ளப்பட்டன. அமெரிக்கக் கென்னல் கிளப் இன்னும் கடுமை காட்டியது. அங்கே ஷிட்சுவுக்கு முழு அங்கீகாரம் கிடைத்தது 1969 செப்டம்பரில்தான்.

அவர் செய்தது சரியா, தவறா என்று இன்றும் வாதிடலாம். வாதிட முடிவதற்கே காரணம், எல்லாம் எழுத்தில் இருப்பதுதான். யார் அப்பன், யார் ஆத்தாள், எந்த ஈற்றில் என்ன குறை வந்தது என்று உள்ளபடி எழுதி வைப்பவர்தான் வளர்ப்பாளர். குறையை மறைத்துக் குட்டியை விற்றவருக்குக் கையில் காசு மிஞ்சும். அந்தக் குறையோ பத்துத் தலைமுறை தாண்டி, முகம் தெரியாத ஒரு வீட்டில் போய் முளைக்கும்.

நம் ஊரில்

மலேசியாவில் இந்தப் பதிவேட்டைக் காப்பது மலேசியக் கென்னல் சங்கம். அதன் தொடக்கம் 1925. பிரவுன்ரிக் தம்பதி சீனாவிலிருந்து ஊர் திரும்புவதற்கும் 5 ஆண்டு முந்தியது. வம்சாவளிச் சான்றிதழ் தருவதும் கண்காட்சி நடத்துவதும் இதன் வேலை. துணை நாய் ஒன்று எஃப்.சி.ஐ.யின் பன்னாட்டு அழகுச் சாம்பியன் ஆவதற்கு 4 தகுதிச் சான்றுகள் வேண்டும். அவையும் 3 நாடுகளில், 3 வெவ்வேறு நடுவர்களிடம் பெற்றதாக இருக்க வேண்டும். முதல் சான்றுக்கும் கடைசிச் சான்றுக்கும் ஓராண்டும் ஒரு நாளுமாவது இடைவெளி வேண்டும். ஆகவே கோலாலம்பூரில் தரைவீட்டில் நாய் வளர்ப்பவரும் கூண்டும் சீப்பும் கையுமாக விமானம் ஏறத்தான் வேண்டும். பரிசாகக் கிடைப்பது பெரும்பாலும் ரோசெட் எனும் ரிப்பன் பூவும் கோப்பையும்தான். செலவு வேறு கணக்கு.

இதற்கு மேல் வீட்டுக் கவலைகள். நாய்க்கு ஊராட்சி மன்ற உரிமம் எடுக்க வேண்டும். எத்தனை நாய் வைக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. பல அடுக்குமாடிகளில் நாயே கூடாது. ஷிட்சுவுக்கு நம் வெயில் ஆகாது. தட்டை மூக்குக்காரர்களுக்கு மூச்சு வாங்கும். உருண்டு நிற்கும் கண்ணில் எளிதில் காயம் படும். பிறவியிலேயே சிறுநீரகம் சரியாக வளராத நோயும் இந்த இனத்தில் உண்டு.

குட்டி வாங்க நினைப்போர் இவற்றை மனத்தில் வையுங்கள். தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் பிள்ளையை வீட்டில் பார்க்க வேண்டாம் என்பார்கள். நாய்க்கும் அதுவே. தாய் நாயை நேரில் காட்டச் சொல்லுங்கள். வம்சாவளிச் சான்றிதழைக் கேளுங்கள். பெற்றோரின் கண், சிறுநீரகம் பற்றி மருத்துவர் என்ன சொன்னார் என்று விசாரியுங்கள். 8 வாரம் ஆகாத குட்டியைத் தூக்கி வராதீர்கள்.

நல்ல வளர்ப்பாளரிடம் போனால் அவரும் உங்களைச் சும்மா விடமாட்டார். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், நாளும் முடி சீவ நேரம் இருக்கிறதா, 12 ஆண்டோ 15 ஆண்டோ வைத்துக் காப்பாற்றுவீர்களா என்று துருவித் துருவிக் கேட்பார். கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள். எதுவுமே கேட்காமல் பணத்தை எண்ணுகிறவரிடம் மட்டும் வாங்காதீர்கள்.