ரத்தத்தோடு மாத்திரைக் கணக்கும் வேண்டும்

ராசிபுரத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் அண்மையில் ஒரு காலைப் பொழுதில் காத்திருந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்தவர் நாற்பது ஆண்டுகள் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். எனக்கு நெடுநாள் பழக்கம். முகம் வாடியிருந்ததால் காரணம் கேட்டேன். பரிசோதனைக்காக மூன்று நாள்களாக ரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிட்டதாகச் சொன்னார்.

"மாத்திரையைப் போட்டுட்டு ரத்தம் குடுத்தா மாத்திரையோட கணக்குதானே சார் வரும்? உடம்போட கணக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அன்று அவருடைய ரத்த அழுத்தம் 190-ஐத் தாண்டியிருந்தது. ரத்தம் எடுப்பதை ஒத்திவைத்துவிட்டு, அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று. நல்லவேளையாக, மாலையில் வீடு திரும்பிவிட்டார்.

அவர் கேட்ட கேள்வி பிழையானதன்று. அதற்கு அவரே கண்ட விடைதான் பிழை. பள்ளியில் வேதியியல் கற்பித்தவன் என்பதால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நாம் உண்ணும் மருந்து, பரிசோதனை முடிவை மாற்றுமா? மாற்றும். ஆனால், எல்லா மருந்தும் ஒரே வகையில் மாற்றுவதில்லை.

இந்தக் கேள்வி இன்று நம் பகுதியில் பல்லாயிரம் வீடுகளுக்கு உரியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. சர்க்கரை நோய்க்கும் உயர் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்தன. இரண்டு மாதங்கள் நிறைவதற்குள், செப்டம்பர் 29 அன்று, சேலம் மாவட்டம் வாழப்பாடியில் 'கலைஞரின் வருமுன் காப்போம்' திட்டம் தொடங்கப்பட்டது. முகாம்களில் பரிசோதனைகள் நடைபெறலாயின. ஒரு திட்டம் மாத்திரை கொடுக்கிறது. மற்றொன்று நோயைப் பரிசோதித்துக் கண்டறிகிறது. இரண்டும் சென்று சேர்வது பெரும்பாலும் ஒரே மனிதரிடம்தான். அந்த மாத்திரைக்கும் இந்தப் பரிசோதனைக்கும் உள்ள உறவை அவருக்கு யார் சொல்வது?

மருந்துகள் பரிசோதனை முடிவை மூன்று வழிகளில் மாற்றுகின்றன எனலாம். முதலாவது, மருந்து தன் வேலையைச் செய்வதால் வரும் மாற்றம். சர்க்கரை மாத்திரை சர்க்கரையைக் குறைக்கிறது. கொழுப்பு மாத்திரை கொழுப்பைக் குறைக்கிறது. லாரி ஓட்டுநர் 'மாத்திரையின் கணக்கு' என்றது இதைத்தான். ஆனால், தொடர் சிகிச்சையில் இருப்பவரிடம் மருத்துவர் அறிய விரும்புவதும் அந்தக் கணக்கையே. கொடுத்த அளவு போதுமா, கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா என்று அவர் முடிவு செய்வது அதைக் கொண்டுதான். மாத்திரையை நிறுத்திவிட்டுக் கொடுக்கும் ரத்தம் அவரைத் திசைதிருப்பும். தேவையில்லாமல் மருந்தின் அளவு கூடவும் இடமுண்டு.

இரண்டாவது, மருந்து ஒன்றைச் சரிசெய்யும்போது வேறொன்றை உண்மையாகவே மாற்றிவிடுவது. ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரைகளில் சில, சோடியத்தையும் பொட்டாசியத்தையும் குறைத்து, யூரிக் அமிலத்தைக் கூட்டும். டெல்மிசார்ட்டான் வகை மாத்திரைகள் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடும். மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் உண்பவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறைகிறது. ஆஸ்துமாவுக்கும் மூட்டு வலிக்கும் தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையை ஏற்றும். வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையையும் கூட்டும்.

நம் ஊர்களில் உடல் உழைப்பாளர்கள் பலரும் அறிந்த ஒன்று, மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை. டைக்லோஃபெனாக் போன்றவற்றைத் தொடர்ந்து உண்பவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, கிரியாட்டினின் உயரலாம். மருத்துவச் சீட்டில் இல்லாத மாத்திரை என்பதால், அதைப் பற்றி மருத்துவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. காரணம் தெரியாமல் மருத்துவர் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார். மாத்திரையோ சட்டைப் பையில் இருக்கும்.

மூன்றாவது வகைதான் வியப்புக்குரியது. இங்கே உடலில் எந்த மாற்றமும் நிகழ்வதில்லை. மருந்து ஏமாற்றுவது பரிசோதனையை. நாமக்கல்லில் வசிக்கும் என் அண்ணன் மகளுக்கு இது நேர்ந்தது. அவளுடைய தைராய்டு பரிசோதனையில் டிஎஸ்ஹெச் மிகக் குறைவாகவும் டி4 மிக அதிகமாகவும் இருந்தன. தைராய்டு மிகையாகச் சுரக்கும் நோய்க்கான அச்சு அசலான அடையாளம் அது. ஆனால், அவளுக்குப் படபடப்பு இல்லை, எடை குறையவில்லை, கை நடுக்கம் இல்லை. மருத்துவர் சற்று யோசித்துவிட்டு, "முடி கொட்டுவதற்கு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாயா அம்மா?" என்று கேட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதைச் சில நாள்கள் நிறுத்தச் சொல்லி மீண்டும் பரிசோதித்தபோது எல்லாம் இயல்பாக இருந்தன.

அந்த மாத்திரையில் இருந்தது பயோட்டின் எனும் வைட்டமின். முட்டை நகரமான நாமக்கல்லுக்கு இதை முட்டைக் கணக்கிலேயே சொல்லலாம். வெந்த முட்டை ஒன்றில் ஏறக்குறைய 10 மைக்ரோகிராம் பயோட்டின் உண்டு. வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 30 மைக்ரோகிராம். முடிக்கென விற்கப்படும் மாத்திரை பலவற்றில் இருப்பதோ 10 மில்லிகிராம். ஒரு மாத்திரை, ஆயிரம் முட்டைக்குச் சமம்.

பச்சை முட்டையின் வெள்ளைக்கருவில் அவிடின் எனும் புரதம் இருக்கிறது. அது பயோட்டினை இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. அதே இயல்புள்ள, நுண்ணுயிரியிலிருந்து கிடைக்கும் ஸ்ட்ரெப்டவிடின் எனும் புரதத்தை ஆய்வகக் கருவிகள் பலவும் பயன்படுத்துகின்றன. பயோட்டின் இணைத்த வினைபொருளை அந்தப் புரதம் பற்றுவதைக் கொண்டே ஹார்மோனின் அளவு கணக்கிடப்படுகிறது. ரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் மிகுந்திருந்தால், அது முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துவிடும். கணக்கு தவறிவிடும்.

தைராய்டோடு இது நிற்பதில்லை. மாரடைப்பைக் கண்டறிய உதவும் ட்ரோபோனின் அளவையும் இது குறைத்துக் காட்டக்கூடும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் இது குறித்து எச்சரித்தது. மிகுந்த அளவில் பயோட்டின் உட்கொண்ட நோயாளி ஒருவருக்கு ட்ரோபோனின் தவறாகக் குறைந்து காட்டியதையும், அதைத் தொடர்ந்து அவர் இறந்ததையும் அந்த எச்சரிக்கை குறிப்பிட்டது. அதன்பின் பரிசோதனைக் கருவி நிறுவனங்கள் பல தங்கள் முறையை மாற்றியுள்ளன. எனினும், நம் ரத்தம் எந்த முறையில் பரிசோதிக்கப்படுகிறது என்பதை நாம் அறியோம். தைராய்டு பரிசோதனைக்கு முன் இரண்டு நாள்களாவது பயோட்டினை நிறுத்துவது நல்லது என்பது மருத்துவர்கள் கூறும் பொதுவான அறிவுரை.

அப்படியானால் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது? இந்த முடிவு நம்முடையதன்று. மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுத்த எந்த மாத்திரையையும் பரிசோதனைக்காக நாமே நிறுத்தக் கூடாது. வெறும் வயிறு என்றால் உணவு கூடாது என்றே பொருள், தண்ணீர் குடிக்கலாம். ரத்த அழுத்த மாத்திரையை, மருத்துவர் வேறு விதமாகச் சொல்லாத வரையில், தண்ணீருடன் வழக்கம்போல் உட்கொள்ளலாம். சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் வெறும் வயிற்றில் எடுத்துக்கொண்டு ஆய்வகத்தில் காத்திருப்பது ஆபத்து, மயக்கம் வரலாம். அவற்றை எப்போது எடுப்பது, தைராய்டு மாத்திரையை ரத்தம் கொடுப்பதற்கு முன்பா பின்பா என்பவற்றை முதல் நாளே கேட்டுத் தெளிவது நலம்.

நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: உண்பவை அனைத்தையும் சொல்வது. வலி மாத்திரை, முடி மாத்திரை, சத்து மாத்திரை, லேகியம், சூரணம், பெயர் தெரியாமல் வாங்கிய பொட்டல மருந்து என எதுவாயினும் சொல்ல வேண்டும். பெயர் நினைவில் நிற்காவிட்டால் அட்டையையே எடுத்துச் செல்லலாம்.

சொல்வதற்கு ஓர் இடமும் வேண்டும். நான் கண்ட பரிசோதனைச் சீட்டுகளில் பெயர், வயது, பாலினம் ஆகியவற்றுக்கு இடமுண்டு. உண்ணும் மருந்துக்கு இடமில்லை. 'தற்போது உட்கொள்ளும் மருந்துகள்' என்று ஒரு வரி சேர்க்க அரசு முகாமுக்கும் தனியார் ஆய்வகத்துக்கும் பெரும் செலவு ஆகாது. ரத்தம் எடுப்பவர் அதைக் கேட்டு எழுத அரை நிமிடம் போதும். வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர், "பரிசோதனைக்காக இதை நிறுத்திவிடாதீர்கள்" என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொன்னால், என் நண்பருக்கு நேர்ந்தது பிறருக்கு நேராது.

அவர் இப்போது பரிசோதனைக்குச் செல்லும்போது ஒரு மஞ்சப்பை கொண்டுபோகிறார். அதில் மாத்திரை அட்டைகள் அனைத்தும் இருக்கின்றன. இடுப்பு வலிக்காகத் தான் பல ஆண்டுகளாகக் கடையில் வாங்கி விழுங்கிவந்த மாத்திரையின் அட்டையையும் அதில் சேர்த்திருக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் மருத்துவர் அவருக்குக் கிரியாட்டினின் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.