புறக்கடைக் கோழிக்கு இரவுக் கூடு

திண்டுக்கல் வட்டாரக் கிராமங்களில் வீட்டுக்குப் பத்து, இருபது நாட்டுக்கோழிகள் வளர்ப்பது வழக்கம். பகலில் அவை குப்பைமேட்டிலும் களத்திலும் மேய்ந்து பெரும்பாலும் தம் இரையைத் தாமே தேடிக்கொள்கின்றன. ஆகவே, இவற்றுக்காகப் பண்ணை முறையில் பெரிய கொட்டகை போடுவது வீண் செலவு. இரவில் அடைய நல்ல கூடு ஒன்று இருந்தால் போதும். ஆனால் பலர் அதில்தான் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். திண்ணைக்கு அடியில் ஒரு பொந்து, இல்லையேல் முருங்கைக் கிளை என்று விட்டுவிடுகிறார்கள். காட்டுப்பூனையும் மரநாயும் பெருச்சாளியும் நடமாடுவது இரவில். அய்யலூர் வியாழன் சந்தையில் நல்ல சேவலுக்குக் கிடைக்கும் விலையை அறிந்தவர்களுக்கு, ஓர் இரவில் இரண்டு கோழி போனால் எவ்வளவு நட்டம் என்று சொல்லத் தேவையில்லை.

இரவில் மட்டும் அடையும் கோழி ஒன்றுக்கு ஒரு சதுர அடிக்குச் சற்று அதிகமான இடம் போதுமானது. 20 கோழிகளுக்கு 6 அடி நீளம், 4 அடி அகலமுள்ள கூடு சரியாக இருக்கும். தண்ணீர் தேங்காத மேட்டில், நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கும்படி அமைத்தல் வேண்டும். அப்போதுதான் பிற்பகல் வெயில் குறுகிய பக்கத்தில் மட்டுமே படும். அந்த மேற்குப் பக்கத்தைப் பலகையால் அடைத்துவிட்டால் ஆடிக்காற்றுக்கும் மறைப்பாகும். வடக்கும் தெற்கும் காற்றோட்டத்துக்குத் திறந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் வடபுறம் ஓலைத் தட்டி கட்டினால் போதும். கூரைக்குப் பனையோலை அல்லது தென்னங்கீற்று நல்லது. தகரம் போட்டால் சித்திரை வெயிலில் கூடு அடுப்பாகிவிடும். தகரம்தான் கையில் இருக்கிறது என்பவர்கள் அதன்மேல் கீற்றைப் பரப்பிவிடலாம்.

தரையிலிருந்து 2 அடி உயரத்தில், கால்களின்மீது கூட்டை நிறுத்துவது அவசியம். அடித்தளத்துக்கு மூங்கில் பப்பைகளை அரை அங்குல இடைவெளி விட்டு அடித்தால் எச்சத்தில் பெரும்பகுதி கீழே விழுந்துவிடும். பக்கங்களுக்குக் கடைகளில் கிடைக்கும் அறுகோணக் கண் கோழிவலையை நம்ப வேண்டாம். அது கோழியை வெளியே விடாது. பாம்பை உள்ளே விட்டுவிடும். அரை அங்குலச் சதுரக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பி வலையே பாதுகாப்பானது. கதவுக்குக் கயிறு கட்டாமல் தாழ்ப்பாள் போடுவது நல்லது.

இவ்வளவும் செய்த பின்னும், சில வீடுகளில் கோழிகள் மாலையில் கூட்டுக்குள் போக மறுத்து மரமேறுவதைக் காணலாம். விரட்டி அடைத்தாலும் இரவெல்லாம் நிலைகொள்ளாமல் இருக்கும். இதைக் கோழியின் பிடிவாதம் என்று எண்ணிவிடக் கூடாது. கூட்டில் உண்ணி இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். வறண்ட பகுதிகளில் மிகுதியாகக் காணப்படும் இந்த உண்ணி பகலில் சுவர் வெடிப்பிலும் பலகை இடுக்கிலும் ஒளிந்திருக்கும். இரவில் வெளிவந்து இரத்தம் குடித்துவிட்டு மீண்டும் ஒளிந்துகொள்ளும். பகலில் கோழியைத் தூக்கிப் பார்ப்பவருக்கு ஒன்றும் அகப்படாது. இதன் குஞ்சுகள் மட்டும் சில நாட்கள் இறக்கைக்கு அடியில் கருமணிபோல் ஒட்டியிருக்கும். கொண்டை வெளுப்பதும் முட்டை குறைவதும் இதனால் நேரும். இந்த உண்ணி ஒரு கொடிய காய்ச்சலையும் பரப்புகிறது. பச்சையாகக் கழிந்து, கால் விழுந்து கோழி இறந்தால், பலர் அதை வெள்ளைக் கழிச்சல் என்றே நினைத்துவிடுகிறார்கள்.

வளர்ந்த உண்ணி ஓராண்டுக்கு மேலும் பட்டினி கிடந்து உயிர் வாழும். எனவே கூட்டைச் சில மாதம் காலியாக விட்டுவைப்பதால் பயனில்லை. வெடிக்கும் மண்சுவரைத் தவிர்ப்பதே முதல் வேலை. அடுத்து, அடையும் கழியைக் கவனிக்க வேண்டும். மூங்கிலின் திறந்த வாய் உண்ணிக்கு நல்ல புகலிடம். அதைத் தாரினால் அடைத்துவிட வேண்டும். கழிகளை ஆணி அடிக்காமல் கழற்றும்படி வைத்து, மாதம் ஒருமுறை வெளியே எடுத்துக் கொதிநீர் ஊற்றலாம். இடுக்குகளில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசலாம். கூட்டின் கால்களைக் கழிவு எண்ணெய் ஊற்றிய டப்பாக்களில் நிறுத்தினால் எறும்பும் ஏறாது. பயிருக்குத் தெளித்து மீந்த மருந்தைக் கூட்டில் அடிப்பது மிகவும் ஆபத்தானது. மருந்து தேவையானால் கால்நடை மருத்துவரிடமே கேட்டுப் பெற வேண்டும்.

முட்டையிட நான்கைந்து பெட்டைகளுக்கு ஒன்று வீதம், மணலும் வைக்கோலும் இட்ட பழைய கூடைகளை நிழலான மூலையில் வைத்தால் போதும்.

கூட்டில் அடையும் கோழியைப் பிடிப்பதும் எளிது. கோடையில் தெருவையே காலி செய்யும் வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி போட இது பெரிதும் உதவும். குஞ்சுக்கு ஒரு வாரத்தில் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசியும் தவறக் கூடாது. திண்டுக்கல்லில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி ஆராய்ச்சி மையத்தில் இது குறித்து விவரம் கேட்கலாம்.

கூட்டின் கீழே சேரும் எச்சத்தை வாரந்தோறும் அள்ளிவிட வேண்டும். தழைச்சத்து மிகுந்த எரு இது. பச்சையாக இட்டால் வேரைச் சுட்டுவிடும். குப்பைக்குழியில் மக்கவைத்த பின், நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகைக்கும் காய்கறிப் பாத்திக்கும் தாராளமாக இடலாம்.